சொசைட்டிக்குப் பால் போகிற நேரத்தில் 140 எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் பைக் குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். ஸ்பீடோமீட்டர் முள்ளைக் காட்டி எடுத்த வீடியோவை இனிமேல் யாரும் குழுவில் போடக் கூடாது. போட்டால் அழித்துவிடுவோம், மறுபடியும் போட்டால் ஆளையே எடுத்துவிடுவோம். அன்றைக்கே பதினேழு பேர் வெளியே போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன்கள். "ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கறதே முறுக்கறதுக்குத்தானுங்ணா, அப்புறம் எதுக்குங்க குரூப்பு?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

குரூப்பு எதற்கு என்று கேட்டதால், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2006-ல் நான் காலேஜ் இரண்டாம் வருடம். பல்லடத்தில் ஒருத்தரிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. இன்றைய பையன்களுக்கு அது சின்னக் கணக்கு. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை பெட்ரோல் எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதோடு, பாதி ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தாண்டியதும் வண்டி சட்டென்று வேறு வண்டியாக மாறிவிடும். அந்தப் பிக்கப்பை ஒரு முறை அனுபவித்தவர்கள் 1996-லேயே நின்றுபோன வண்டியை இன்னும் தேடித் தேடி வாங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எனக்கு அது போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டேன், சைலன்சரின் உள்குழாயை உருவிவிட்டேன். சத்தம் வந்தால் பவர் வந்துவிட்டது என்று நினைத்த வயது. தாராபுரம் ரோட்டில் குண்டடம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. எப்படியோ கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, அதனால் விழவில்லை. என்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது.

வண்டியை ஆட்டோவில் ஏற்றி கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைத் தூக்கி, பிஸ்டனைக் கழற்றி, பனியன் வேஸ்டில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐம்பது மில்லிமீட்டர் அகலம், பெரிய டீ கிளாஸ் வாய் அளவு இருக்கும். கார்புரேட்டர் பக்கம் பளபளவென்று இருந்தது. சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழே கோடு கோடாக, பூனை பிறாண்டின மாதிரி.

"நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க தம்பி. மாட்டுதுங்களா?"

மாட்டியது.

"பெட்ரோலு எரியறதுக்கு மட்டும்னு நெனச்சுட்டீங்க. உள்ளுக்குள்ள சூட்டை எறக்கறதும் அதுதானுங்க. காத்தை அள்ளி உட்டுட்டு பெட்ரோலு வர்ற ஜெட்டை மாத்தாம உட்டா, பிஸ்டன் சூட்டுல ஊதி செவுத்தைப் புடிக்கும். வேற என்ன பண்ணும்?"

திட்டவில்லை. சிலிண்டரைப் போர் போட்டு, அதாவது உள்ளே கொஞ்சம் அகலமாகக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார். "போயிட்டு சாயங்காலம் வாங்க" என்று சொல்லாமல், நின்று பார்க்கச் சொன்னார். லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைந்து முடித்து ஹோனிங் கல்லை உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டினார். வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டியபோது சுவர் முழுக்கப் பாய் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சன்னக் கோடுகள். அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும், கண்ணாடி மாதிரி வழவழவென்று விட்டால் ஆயில் நிற்காது என்றார் அண்ணன். அன்றைக்கு ரெண்டு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை என் மெக்கானிக்கல் டிகிரி எனக்குத் தரவில்லை. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய வண்டியை அக்கக்காகக் கழற்றித் திரும்ப மாட்டினார் என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். எவ்வளவு வேகம் போனார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கழற்றிப் பார்த்தார் என்பதைத்தான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, குழுவுக்கு வருகிறேன். 2008-ல் யமஹாவின் ஆர்15 வந்தது. 150 சிசியில் லிக்விட் கூலிங், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், நாலு வால்வு, ஆறு கியர், 17 குதிரைத்திறன். அடுத்த வருடம் நான் வாங்கினேன். ஊரில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முதல் கேள்வி, "இதுல கார்புரேட்டர் எங்கீங்க?" என்பதுதான். டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் அது எதற்கு என்று சொல்ல ஆள் கிடையாது. ஆர்குட் இருந்த காலம் அது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில் திருப்பூரில் ஒருத்தர், ஈரோட்டில் ரெண்டு பேர், கோபியில் ஒருத்தர், பொள்ளாச்சியில் ஒருத்தர் கிடைத்தார்கள். எல்லோரிடமும் அதே வண்டி, அதே சந்தேகம்.

நீலாம்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் முதல் முறை சந்தித்தோம். அன்றைக்கு யாரும் எங்கேயும் ரைடு போகவில்லை. கோபிக்காரர் மல்டிமீட்டர் கொண்டு வந்திருந்தார். ஈரோட்டு அண்ணன் சர்வீஸ் மேனுவலை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருத்தருடைய செயின் ரொம்பத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எல்லோரும் குனிந்து பார்த்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் அளந்து சரி செய்தோம். டீக்கடைக்காரர் வண்டி ரிப்பேர் ஆகிவிட்டது என்று நினைத்து எங்களுக்காகப் பரிதாபப்பட்டார். எல்லோரும் சேர்ந்து முதல் ரைடு போனதே நாலு மாதம் கழித்துத்தான். 2014-ல் ஆர்குட்டை மூடினார்கள், நாங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தோம். ஆறு பேர் 240 பேர் ஆனோம். ஆள் கூடக் கூடக் கேள்வி குறைந்து வீடியோ கூடிவிட்டது. அதை நான் கண்டுகொள்ளாமல் விட்டது தப்பு.

இப்போது அந்தத் தம்பி கேட்ட விஷயம். முறுக்கத்தான் வண்டி என்கிறான். முறுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்றைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-யும் (நம் ஊரில் அதையும் புல்லட் என்றுதான் சொல்வோம்) ஆர்15-யும் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லட்டுக்குச் சுமார் 20 குதிரைத்திறன், ஆர்15-க்குச் சுமார் 18. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டார்க், அதாவது என்ஜின் முறுக்குகிற விசை, புல்லட்டில் 27 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஆர்15-ல் அதில் பாதிதான், அதுவும் 7500-ல். டார்க்கையும் சுற்றையும் பெருக்கினால் வருவதுதான் பவர். புல்லட் பெரிய அடியாக மெதுவாக அடிக்கிறது, ஆர்15 சின்ன அடியாக 10,000 சுற்று வரை போய் அதே வேலையை முடிக்கிறது. புல்லட் 195 கிலோ, ஆர்15 142 கிலோ. கையில் கிடைக்கிற வித்தியாசம் இந்த ஐம்பது கிலோவில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாய்க்கும்போதும் அந்த ஐம்பது கிலோ இல்லாததை உடம்பு உணரும். ஸ்போர்ட்ஸ் பைக்குக்குக் கொடுக்கிற காசு அதற்குத்தான்.

நேர் ரோட்டில் டாப் ஸ்பீட் என்பது பெரும்பாலும் காற்றோடு போடுகிற சண்டை. வேகம் கூடினால் காற்றைத் தள்ளத் தேவைப்படுகிற பவர் வேகத்தின் மும்மடிக் கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 120-லிருந்து 140-க்குப் போகக் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். அந்த இருபது கிலோமீட்டருக்காக என்ஜினை அவ்வளவு வதைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நம் ஊரில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை சுற்றிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றாடி இறக்கையைச் சுற்றவைக்கிற காற்று, முழு ஃபேரிங் (முன்னாலும் பக்கத்திலும் மூடுகிற கவசம்) போட்ட வண்டியைப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளுவதற்கு யோசிக்காது. தென்னந்தோப்பு மறைவு முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிற இடத்தில் ஹேண்டில்பார் கையை விட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த வீடியோ. முடிவு எடுக்கக் காரணமே அதுதான்.

ஞாயிறு காலை ஆறு மணி, பல்லடம் - உடுமலை ரோடு, குடிமங்கலத்துக்குப் பக்கம். ஹெல்மெட் கேமரா. மீட்டரில் 138. குழுவில் அம்பது பேர் தீ எமோஜி போட்டிருந்தார்கள். நான் ராத்திரி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பதினோராவது செகண்டில், இடது ஓரத்தில், ஒரு இட்டேரி ரோட்டில் வந்து சேருகிற இடம். கிளுவை வேலிக்கு நடுவே டிவிஎஸ் எக்ஸெல், ரெண்டு பக்கமும் பால் கேன், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர். ஒரு காலை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஃபிரேமில் இல்லை. வண்டி தாண்டிப் போய்விட்டது.

சொசைட்டிக்குப் பால் போகிற நேரம் அது. ரோடு காலியாக இருக்கிறது என்று நாம் நினைக்கிற அந்த ஆறு மணிக்குத்தான் நம் ஊர் தோட்டங்களிலிருந்து எக்ஸெல் எல்லாம் வெளியே வரும். மயில் குறுக்கே நடக்கிற நேரமும் அதுதான். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்திருப்பார், 150 மீட்டர் தள்ளி ஒரு லைட் தெரிந்திருக்கும். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வண்டிகள் ஐம்பது, அறுபதில் வருகிறவை. அறுபதில் வந்தால் 150 மீட்டரைக் கடக்க ஒன்பது செகண்ட் ஆகும், நிறைமாத மாடு மாதிரி பால் கேனோடு எக்ஸெல் நிதானமாகக் குறுக்கே போய்விடும். 138-ல் வந்தால் நாலு செகண்ட்கூட இல்லை. பிரேக் பிடிக்கலாம் என்பீர்கள். அறுபதில் கண் பார்த்துக் கை பிடிக்கிற ஒரு செகண்டையும் சேர்த்து, நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் ஏறக்குறைய 35 மீட்டரில் வண்டி நிற்கும். 138-ல் 130 மீட்டர் தாண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம், நல்ல விஷயம். சக்கரம் பூட்டாமல் அது காப்பாற்றும். அந்த 130 மீட்டரை அதால் 35 ஆக்க முடியாது.

அந்த ஃபிரேமை மட்டும் படமாக எடுத்து வீடியோ போட்ட தம்பிக்குத் தனியாக அனுப்பினேன். கால் மணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "நான் பாக்கவே இல்லீங்ணா" என்று வந்தது. அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மீட்டரும் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

வேகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வேகம் பிடிக்கும். அதற்கு ஒரு இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர், 2003-ல் திறந்தது. கோயமுத்தூர் கரிவர்தன் பெயரில். சாதாரண ஆள் ஓட்டுகிற விலையில் ரேஸ் கார் கட்டியவர், 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது இந்த ஊரிலிருந்துதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் பைபாஸில் போய் வீரம் காட்டுவது எனக்கு வலிக்கிறது.

அங்கே முதல் முறை ஓட்டியபோது, பத்து வருடம் வண்டி ஓட்டிய எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்று புரிந்தது. வளைவுக்கு முன்னாலேயே பிரேக் வேலையை முடி, பார்வையை வளைவின் கடைசியில் வை, வலது பக்கம் திரும்ப வலது ஹேண்டிலை முன்னால் தள்ளு. அன்று முழுக்க இந்த மூன்றையே சொல்லிக்கொடுத்தார்கள். கேடிஎம் 390 ஓட்டிய ஒருத்தரை, ஆர்15-ல் வந்த ஒரு பொண்ணு ஒவ்வொரு வளைவிலும் நெருங்கி, கடைசியில் சுத்தமாகத் தாண்டிப் போனாள். நேர் ரோட்டில் அவர் விலகி ஓடிவிடுவார், வளைவில் திரும்ப அகப்படுவார். பெர்ஃபார்மன்ஸ் என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதமே வால்பாறை போய் ஆழியாருக்கு நாற்பது கொண்டை ஊசி இறங்கும்போது, இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியைப் பிடிக்க, டிஸ்க் சூடாகாமல் வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் அதே இறக்கத்தில் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய் ஒரு முறை உயிர் தொண்டைக்கு வந்திருந்தது.

டிராக்குக்குக் காசு ஆகும் என்பது நியாயமான பேச்சு. ஃபீஸ் இருக்கிறது, லெதர் சூட் ஒரு மாதச் சம்பளம் கேட்கும். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருடம் ஆன பையன் பைபாஸுக்குப் போவது அது இலவசம் என்பதால்தான். இதைப் பெரியவர்கள் நாங்கள் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். இப்போது குழுவில் எட்டுப் பேர் காசு போட்டுப் பழைய சூட் மூன்று வாங்கியிருக்கிறோம். முதல் முறை வருகிறவர்களுக்கு ஃபீஸில் பாதி குழு கொடுக்கும். வருகிற ஞாயிறு நீலாம்பூரில் அதே டீக்கடைக்கு எதிரே செயின் சுத்தம் செய்கிறோம், காலை ஏழு மணி. மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், செயின் லூப்ரிகன்ட் நான் கொண்டு வருகிறேன். 138 வீடியோ போட்ட தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

சூட் 38, 40, 42 சைஸில் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்து வெளியே போன அந்த ரெண்டு பேரில் ஒருத்தனுக்கு 40 சரியாக இருக்கும். அதை இன்னும் யார் பெயருக்கும் எழுதவில்லை.