சேம்பர்ஸ் என்பது வக்கீல் கம்பெனி இல்லை

லண்டனில் நடந்த ஒரு வழக்குச் செலவுத் தகராறில் (வழக்குக்கு ஆன செலவை யார், எவ்வளவு தர வேண்டும் என்பது) இரண்டு தரப்பு பாரிஸ்டர்களும், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களும், ஒரே சேம்பர்ஸ், அதாவது ஒரே அலுவலகத்தைப் பகிர்பவர்கள், அதனால் உள்ளுக்குள் பேசி முடித்திருப்பார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். சந்தேகம் வருவது இயல்புதான், ஆனால் அந்த முடிவு சரியில்லைங்க.

இங்கிலாந்தில் சேம்பர்ஸில் இருக்கும் பாரிஸ்டர்கள் தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள். கட்டடம், கிளார்க்குகள், வாடகை இதையெல்லாம் பகிர்ந்துகொள்வார்கள், ஆனால் அவரவர் ஃபீஸ் அவரவருக்கு. சொலிசிட்டர் (கட்சிக்காரருக்காக வழக்கை நடத்தி, பாரிஸ்டரை அமர்த்தும் வக்கீல்) நிறுவனம் என்றால் கதை வேறு, அங்கே ஒரே நிறுவனம் எதிரெதிர் கட்சிக்காரர்களுக்கு வேலை செய்ய முடியாது. அப்புறம், வழக்குச் செலவுச் சட்டத்தில் பெயர் வாங்கிய சேம்பர்ஸ் அதிகம் இல்லை, 4 நியூ ஸ்கொயர், ஹெயில்ஷாம், 39 எசெக்ஸ் மாதிரி சிலதான், அதனால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இருவர் எதிரெதிரே நிற்பது சகஜம்.

நீங்களே பார்க்கலாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தீர்ப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. ஒரு வழக்குச் செலவுத் தகராறின் தீர்ப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இரண்டு தரப்பு பாரிஸ்டர் பெயர்களும், பக்கத்திலேயே அவர்களை அமர்த்திய சொலிசிட்டர் பெயரும் இருக்கும். சொலிசிட்டர்கள் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் கையேடும் இணையத்தில் கிடைக்கிறது, கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க சேம்பர்ஸுக்குள் முறையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அதில் விதியே இருக்கிறது.