மரம் ஆக்சிஜன் தருகிறது என்பது பாதிக் கணக்கு

எங்கே காடு பற்றி எரிந்தாலும், சுற்றுச்சூழல் நாள் வந்தாலும் வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றும் வரி இது: "அமேசான் பூமியின் நுரையீரல். உலக ஆக்சிஜனில் 20 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது." 2019 ஆகஸ்டில் பிரான்ஸ் அதிபர் மக்ரோனே ட்விட்டரில் இதை எழுதினார். நுரையீரல் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் உறுப்பு, கொடுக்கும் உறுப்பல்ல என்பது இருக்கட்டும். அமேசான் காடு காற்றுக்கு நிகரமாகச் சேர்க்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஒரு இலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும்போது கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சர்க்கரை செய்கிறது, ஆக்சிஜனை விடுகிறது. பள்ளிப் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சர்க்கரையில் ஏறத்தாழ பாதியை மரமே மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது, இரவும் பகலும். மீதி இலையாக, கட்டையாக, வேராக மாறுகிறது. இலை உதிர்ந்ததும் கரையான், பூஞ்சை, பாக்டீரியா என்று ஒரு பட்டாளமே வந்து தின்னும். தின்பவை எல்லாம் மூச்சுவிடும். இலை கொடுத்த ஆக்சிஜன் அதே இலை மட்கும்போது திரும்பச் செலவாகிறது. வளர்ந்து முதிர்ந்த காட்டில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். "பாதி ஆக்சிஜன் கடலில் இருந்து வருகிறது" என்று திருத்துபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கடலின் நுண்பாசி விடும் ஆக்சிஜனையும் ஏறக்குறைய முழுதாகக் கடல் உயிர்களே மூச்சில் தீர்த்துவிடுகின்றன.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 100 கோடி டன் என்பது 1 கிகாடன். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 12 லட்சம் கிகாடன். பூமியில் உயிரோடு இருக்கும் அனைத்திலும் சேர்த்து இருக்கும் கார்பன் சுமார் 550 கிகாடன், அதில் பெரும்பங்கு மரம் செடிகளில். ஒரு கிலோ கார்பன் எரிய 2.67 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆக, பூமியிலுள்ள காடு, புல், விலங்கு, மனிதன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொளுத்தினாலும் செலவாவது 1,470 கிகாடன் அளவுதான். காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதத்திலிருந்து 20.92 சதவீதமாகக் குறையும். தரையிலிருந்து மூன்று மாடி ஏறினால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் எவ்வளவு குறையுமோ, அவ்வளவு. ஊட்டிக்குப் போகிறவர் இதைப்போல இருநூறு மடங்கு குறைவைத் தாங்கிக்கொண்டுதான் வர்க்கி தின்கிறார்.

அப்படியானால் இந்த 21 சதவீதம் எங்கிருந்து வந்தது? மட்காமல் தப்பியதிலிருந்து. தின்னப்படும் முன் சேற்றில் புதைந்த ஒவ்வொரு துணுக்கு கார்பனுக்கும் ஈடான ஆக்சிஜன் காற்றில் மிஞ்சுகிறது. நிலமும் கடலும் சேர்ந்து ஆண்டுக்கு 100 கிகாடனுக்கு மேல் கார்பனை உடலாக மாற்றுகின்றன. அதில் நிலையாகப் புதைவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும் கரிய சேறு இருக்கிறதே, அழுகிய முட்டை நாற்றத்தோடு, அந்த மாதிரி இடத்தில்தான் இந்த மிச்சம் பிடிக்கும் வேலை நடக்கிறது. சேற்றுக்குள் ஆக்சிஜன் இறங்காது, எனவே இலைதழை முழுதாக மட்காது. அங்குள்ள பாக்டீரியா கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகிறது. நாற்றம் அதில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு. அது இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகிப் புதைவதும் காற்றின் ஆக்சிஜன் கணக்கில் வரவுதான். இமயமலை அரிபட்டு கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காள விரிகுடாவின் அடியில் கொட்டும் வண்டலும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது.

இந்தச் சேமிப்புக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. ஒளியில் உணவு செய்யும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் ஆக்சிஜனை விடத் தொடங்கியும் அது உடனே காற்றில் சேரவில்லை. எரிமலை வாயுக்களும் கடலில் கரைந்திருந்த இரும்பும் அதை விழுங்கின. அந்தக் காலக் கடலின் இரும்பு ஆக்சிஜனேறிப் படிந்த பட்டை பட்டையான பாறைக்கு நம் ஊர் சாட்சி சேலத்துக் கஞ்சமலை, சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. காற்றில் ஆக்சிஜன் நிலைத்தது 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை ஒட்டி. எப்படித் தெரியும்? தென்னாப்பிரிக்காவில் அதற்கு முந்தைய ஆற்றுச் சரளைப் படிவுகளில் பைரைட் மணிகளும் யுரேனினைட் என்ற யுரேனியத் தாது மணிகளும் உருண்டு கிடக்கின்றன. இன்றைய ஆற்றில் இவை துருவேறிக் கரைந்துவிடும். கந்தக ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணுவகைகள், இன்னும் உறுதியான சாட்சி. ஓசோன் இல்லாத வானில் புற ஊதாக் கதிர் பட்டு உண்டாகும் விசித்திர விகிதம் பழைய பாறைகளில் இருக்கிறது, அதன் பிறகு மறைந்துபோகிறது. 2000-இல் புவிவேதியியலாளர் ஜேம்ஸ் ஃபர்குவார் குழு வெளியிட்டது இது.

பிறகு சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் நிலக்கரியாகப் புதைந்தபோது ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தொட்டிருக்கலாம் என்று கணிப்புகள் சொல்கின்றன. இரண்டடிக்கு மேல் சிறகு விரித்த தும்பிகள் அந்தக் காலத்தை ஒட்டியவை. தும்பி பெருத்ததற்குக் காரணம் ஆக்சிஜன்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியை இப்போது வேறு கண்ணால் பார்க்கலாம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனின் மறுபாதிகளில் அது ஒன்று. அதை எரிப்பது பழைய கணக்கைத் திருப்பிக் கட்டுவது. ஆனால் உலகம் முழுதும் இப்படி எரித்தும் ஆக்சிஜன் குறைவது ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்குதான். இருப்போ 2,09,500 பங்கு. மூச்சுத் திணறப் போவதில்லை. சிக்கல் மறுபக்கம். கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்கு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடலில் ஒரு குடம் ஊற்றினால் தெரியாது, சொம்பில் ஊற்றினால் வழியும்.

"ஒரு மரம் நான்கு பேருக்கு ஆக்சிஜன்" என்ற பதாகைக்கு வருவோம். ஒரு ஆள் நாளொன்றுக்கு இழுப்பது சுமார் 0.8 கிலோ, ஆண்டுக்கு 290 கிலோ. அதை ஒரு மரம் நிகரமாகத் தர வேண்டுமென்றால் ஆண்டுதோறும் 110 கிலோ கார்பனை, அதாவது சுமார் 220 கிலோ உலர்கட்டையைத் தன் உடம்பில் ஏற்ற வேண்டும். நான்கு பேருக்கு முக்கால் டன்னுக்கு மேல்! எந்த வேப்பங்கன்றும் அதைச் செய்யாது. செய்தாலும், மரம் பட்டுப்போய் மட்கும் நாளில் எல்லாம் திரும்பிப் போகும். உண்மையில் நம் மூச்சுக் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. நாம் தின்ற சோறு நெல்லாக வளர்ந்தபோது விட்ட ஆக்சிஜனைத்தான் அதைச் செரிக்கும்போது செலவழிக்கிறோம். அரச மரம் இரவில் ஆக்சிஜன் விடும் என்பதும் அதே ரகம். ஒளியில்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் செய்யாது.

காட்டைக் காக்கத்தானே சொல்கிறார்கள், தப்பான காரணமாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். ஆக்சிஜன்தான் நோக்கமென்றால் எந்த மரமும் எங்கும் சரி என்றாகிவிடும், புல்வெளி தரிசாகத் தெரியும். நீலகிரியில் தோல் பதனிடும் டானினுக்கும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் புல்வெளி மேல் வாட்டில் என்ற ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டபோதும், புல்வெளியைத் தரிசாகப் பார்த்த கண்ணோட்டம் இதேதான். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலையின் நீர்த்தொட்டி. புல் தன் கார்பனில் பெரும்பங்கை மண்ணுக்கடியில், தீக்கு எட்டாத இடத்தில் வைக்கிறது. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். இப்போது வாட்டிலை அகற்றப் பாடுபடுகிறார்கள். வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, தீ பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ கூட்டமாக முளைக்கிறது. ஒரே சரிவுக்கு ஆண்டு தவறாமல் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.