பீரை ஊத்திட்டு உப்பைப் போடாதீங்கய்யா!

இதோ, இன்னொரு மிச்செலாடா வீடியோ. அதாங்க, பீர்ல எலுமிச்சை, உப்பு, பல நேரம் சாஸும் சேர்த்து மெக்சிகோக்காரங்க குடிக்கிறது. இதுலயும் பீர்தான் முதல்ல. இதுலயும் உப்பு அப்புறம்தான். கடவுளே.

"வீட்டுலயே ஈஸியா மெக்சிகன் ஸ்டைல்"னு தலைப்பு. அண்ணன் அலமாரியிலேர்ந்து கிளாஸை எடுக்குறாரு. ஃப்ரீசர்ல பத்து நிமிஷம் வச்சா என்னன்னு யாரும் சொல்லித் தரல போல. சரி, போகட்டும். கேனைத் திறந்து, ஒரு முழம் உசரத்துலேர்ந்து, நட்டநடு கிளாஸ்ல தொபதொபன்னு ஊத்துறாரு. பாதி கிளாஸ் நுரை. காத்திருக்காரு. நாமளும் காத்திருக்கோம். நுரை அடங்குனதும் மிச்சத்தையும் ஊத்தி விளிம்பு வரைக்கும் நிரப்புறாரு. விளிம்பு வரைக்கும்! எலுமிச்சை இன்னும் போகல, சாஸ் போகல, ஐஸ் போகல. இதெல்லாம் எங்கே போகும்னு ஒரு கேள்வி அந்த மண்டைக்குள்ள எழவே இல்ல.

அடுத்து அரை மூடி எலுமிச்சம்பழம், கொட்டையோட. நுரை லேசா எட்டிப் பாக்குது. அது எச்சரிக்கைய்யா! கேக்கணும்ல? ஒரு டீஸ்பூன் தூள் உப்பைக் குவிச்சு எடுத்து, நேரா உள்ளே. பொங்கலோ பொங்கல்! கிளாஸ் வழிஞ்சு, மேடை வழிஞ்சு, கீழே சொட்டுது. அண்ணன் சிரிக்கிறாரு. "பாருங்க, கேஸ் எப்படி வருது!"

வரல அண்ணே. போகுது.

துடைச்சுட்டு ஐஸ் போடுறாரு. மறுபடி நுரை. மேல மிளகாய்த் தூளைத் தூவுறாரு, அது செக்கச்செவேல்னு படலமா மிதக்குது. அதை மறைக்க ஸ்பூனை விட்டுக் கடகடன்னு கலக்குறாரு. உள்ளே கொஞ்சநஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்த கேஸும் காலி. ஒரு வாய் குடிச்சு, கண்ணை மூடி, "செம!"ங்குறாரு. எது செம? செத்துப்போன உப்புத்தண்ணி. ஒரு டீஸ்பூன் உப்புன்னா சுமாரா 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்ள நிறுத்துங்கன்னு சொல்லுது. அண்ணன் ஒரே கிளாஸ்ல கணக்கை முடிச்சுட்டாரு.

பீருக்குள்ள கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்துல கரைஞ்சு கிடக்கு. சொரசொரப்பா எது உள்ளே விழுந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு குமிழி குமிழியா வெளிய ஓடிரும். உப்புப் பரல், ஐஸ்கட்டி, எலுமிச்சைச் சக்கை, மூணுமே அந்த ரகம். பீர் சூடா இருந்தா இன்னும் வேகமா ஓடும். அதனால மத்ததெல்லாம் முதல்ல, பீர் கடைசியில. இதுக்கு ராக்கெட் விஞ்ஞானியா வரணும்?

உப்போட இடம் கிளாஸோட விளிம்பு. அதுவும் வெளிப்பக்கம் மட்டும். வெட்டுன எலுமிச்சையால விளிம்பைத் தடவி, தட்டுல பரப்புன கல்லுப்புப் பொடியிலயும் மிளகாய்த் தூள்லயும் சாய்ச்சு உருட்டணும். தஹின்ங்கிற மெக்சிகன் மசாலாத் தூள் கையில இருந்தா வேற எதுவும் வேண்டாம், அதுலயே மிளகாய், காய்ஞ்ச எலுமிச்சை, உப்பு மூணும் இருக்கு. தண்ணியில முக்காதீங்க, உப்பு கரைஞ்சு வழியும். கிளாஸைத் தலைகீழா அமுக்குனா உள்பக்கமும் ஒட்டி, பீர் பட்டதும் பழைய கூத்து.

இப்ப அடுத்த கோஷ்டி. "மெக்சிகன் லைம் கிடைக்கலையே, என்ன பண்ண?" ஐயா சாமி, உங்க தெருமுனைக் கடையில குவிச்சு வச்சிருக்கானே, மெல்லிசுத் தோல், நிறைய கொட்டை, சுரீர்னு புளிப்பு, அதே இனம்தான் அது! ஆசியாவுலேர்ந்து கிளம்பி ஸ்பானியர்கள் வழியா மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்த பழம். வாசல்ல இருக்குறதை விட்டுட்டு, கொட்டை இல்லாத பெரிய பச்சைப் பழத்தை மூணு மடங்கு காசுக்கு வாங்கிட்டு வர்றாங்க. பாட்டில் லைம் கார்டியல் ஊத்துறவங்களோட எனக்குப் பேச்சே இல்ல. அது சர்க்கரைப் பாகு.

மேகி மேட்டர் இதுக்கும் மேல. மெக்சிகோவுல இதுக்கு ஊத்துற மேகிங்கிறது கறுப்பா, தண்ணியா, சின்ன பாட்டில்ல வர்ற சாஸ். நூடுல்ஸ் பாக்கெட்டுக்குள்ள இருக்குற மசாலா இல்ல! அதைப் பிரிச்சு பீர்ல கொட்டுறதை இந்தக் கண்ணால பாத்தேன். கிடைக்கலன்னா அரை டீஸ்பூன் சோயா சாஸ் போதும். தயவுசெஞ்சு மசாலாவை விட்டுருங்க.

355 மில்லி கேனுக்கு அளவு: எலுமிச்சைச் சாறு 30 மில்லி, வடிகட்டி, தோல் நசுங்காம பிழிஞ்சது. நசுங்குனா கசக்கும். வூஸ்டர்ஷைர் சாஸ் ஒரு டீஸ்பூன். சைவக்காரங்க லேபிளைப் பாத்துக்கோங்க, வழக்கமா அதுல நெத்திலி இருக்கும். நம்ம புளியும் இருக்கும், அது வேற விஷயம். மேகி சாஸ் அரை டீஸ்பூன். மிளகாய் சாஸ் ஒண்ணுலேர்ந்து ரெண்டு டீஸ்பூன், வாலென்டினா மாதிரி நீர்த்து, வினிகர் புளிப்போட இருக்கணும். மிளகாய்த் தூள் உள்ளே வேண்டாம். அது கரையாது, கட்டி கட்டியா மிதந்து தொண்டையில ஒட்டும். சோளமாவு போட்டுக் கெட்டியாக்குன ரெட் சில்லி சாஸும் வேண்டாம், அடியில கூழா உக்காந்துக்கும். தக்காளி வேணும்னா கிளமாட்டோ (சிப்பிச் சாறு கலந்த தக்காளி ஜூஸ்) 100 மில்லி, இல்லைன்னா இனிப்புச் சேர்க்காத தக்காளி ஜூஸ். கெட்சப்னு யாரோ முணுமுணுக்குறது கேக்குது. வாயை மூடுங்க.

இதையெல்லாம் அரை லிட்டர் கிளாஸோட அடியில கலந்து, பாதி கிளாஸ் ஐஸ் போட்டு, கிளாஸைச் சாய்ச்சு, நல்லா குளிர்ந்த பீரை ஓரமா, மெதுவா இறக்குங்க. ஸ்பூனை அடி வரைக்கும் விட்டு ஒரே ஒரு தடவை தூக்குங்க, போதும். மொத்தமும் கொள்ளாது, மிச்சத்தைக் குடிக்கக் குடிக்க ஊத்திக்கலாம். நம்ம ஊர் 650 மில்லி பாட்டில்னா அளவை ரெட்டிப்பாக்கி ரெண்டு கிளாஸாப் பிரிங்க. பீர் நாலரை சதவீத லேகர் போதும். 8 சதவீத ஸ்ட்ராங்கை ஊத்தி "ஏன் மருந்து மாதிரி இருக்கு"ன்னு என்கிட்ட வராதீங்க.

உடனே "இது ஒரிஜினல் இல்ல"ன்னு ஒருத்தர் கிளம்புவாரு. மெக்சிகோ சிட்டியிலயே மிச்செலாடான்னு கேட்டா பல கடையில வெறும் எலுமிச்சையும் உப்பும்தான் வரும், சாஸ் வேணும்னா குபானான்னு கேக்கணும். வேற ஊருக்குப் போனா எலுமிச்சை உப்பு மட்டும் போட்டதுக்குப் பேரு செலாடா. அவங்களுக்குள்ளயே தீரல, இவரு தீர்ப்பு சொல்ல வந்துட்டாரு.

அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையா "சூப்பர் ப்ரோ", "வீக்கெண்ட் ட்ரை பண்றேன்". பண்ணுங்க. தரை துடைக்கத் துணி எடுத்து வச்சுக்கிட்டு பண்ணுங்க.

இவ்வளவும் கத்தி முடிச்சு ஃப்ரீசரைத் திறந்தா, ட்ரேல ஒரே ஒரு ஐஸ்கட்டி. ஒண்ணே ஒண்ணு! கடைசிக் கட்டியையும் எடுத்தா தண்ணி பிடிச்சு வைக்கணுமேன்னு, அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு ட்ரேயைப் பத்திரமா உள்ளே தள்ளிட்டுப் போற ஜென்மம் எந்த வீட்டுலதான் இல்ல?