உது ஆரின்ர கதை?

சில ஆண்டுகளுக்கு முன், மணவாழ்வில் மனம் ஒட்டாத ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதிய சிறுகதை வெளிவந்த வாரத்தில், எங்கள் ஒழுங்கை மாமி ஒருவர் படலையைத் திறந்தபடியே, "உது ஆரின்ர கதை, பிள்ளை?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இரண்டு வீட்டுக்காரரைச் சொல்லி, சீதனக் காணியின் வேலி வரை பொருத்திப் பார்த்துவிட்டார். இரண்டுமே பிழை. கதையில் கணவன் ஒன்றும் பேசாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பானே, அது எங்கள் குசினியில் நான் கண்டது. அதை மட்டும் மாமி கவனிக்கவில்லை.

ருஷ்ய எழுத்தாளர் ரோல்ஸ்ரோயின் 'அன்னா கரேனினா' நாவலில், அன்னா கணவனை விட்டுக் காதலனோடு போய், கடைசியில் ரயிலின் கீழ் விழுந்து சாகிறாள். அவளைப் பற்றியும் உலகம் இதே கேள்வியைக் கேட்டு, கைக்கு எட்டிய விடையோடு நின்றுவிட்டது. 1872 ஜனவரியில், அவரது பண்ணைக்கு அருகிலிருந்த யசெங்கி நிலையத்தில், அன்னா ஸ்தெபானோவ்னா பிரோகோவா என்ற பெண் சரக்கு ரயிலின் கீழ் விழுந்து இறந்தாள். பிணப் பரிசோதனையின்போது ரோல்ஸ்ரோய் நேரில் சென்று பார்த்தார். பெயரும் ரயிலும் பொருந்துகின்றன. ஆனால் அவள் கணவனை விட்டுப் போனவள் அல்லள். அயலிலிருந்த நிலவுடைமையாளர் பிபிகோவின் வீட்டை நடத்தி, அவரோடு வாழ்ந்து, அவர் வீட்டு ஆசிரியை ஒருத்தியை மணக்க எண்ணியபோது கைவிடப்பட்டவள். உயர்குடியில் பிறந்து வழிதவறிய ஒரு மனைவியைக் குற்றவாளியாக அல்லாமல் இரங்கத்தக்கவளாகக் காட்ட வேண்டும் என்று ரோல்ஸ்ரோய் சொன்னதை, அவர் மனைவி சோபியா 1870 பெப்ரவரியிலேயே குறித்து வைத்திருக்கிறார். யசெங்கி தந்தது முடிவை மட்டுமே. கணவனைப் பிரிந்து, மணத்துக்குப் புறம்பாக ஒரு மகளைப் பெற்ற மரியா, ரோல்ஸ்ரோயின் சொந்தத் தங்கை என்பதை இந்த ஆராய்ச்சியில் பலர் தொடுவதே இல்லை.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது, அவர் தம் சொந்த மணவாழ்வை நாவலின் எந்தப் பக்கத்தில் வைத்தார் என்பதுதான். அன்னாவின் கதைக்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு மணக்கதையின் நாயகன் லெவின், சோக்கட்டியால் சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் கிற்றியிடம் காதலைச் சொல்வதும், சட்டைகளெல்லாம் பெட்டியில் கட்டுண்டு போனதால் தேவாலயத்துக்குப் பிந்திப் போவதும், திருமணத்துக்கு முன் தன் பழைய ஒழுக்கக்கேடுகள் நிறைந்த நாட்குறிப்பை அவள் கையில் கொடுப்பதும், 1862இல் முப்பத்துநான்கு வயது ரோல்ஸ்ரோய்க்கும் பதினெட்டு வயது சோபியாவுக்கும் நடந்தவையே. அவற்றையெல்லாம் அவர் நாவலின் நல்ல குடும்பத்துக்குக் கொடுத்தார். கிற்றி அழுகிறாள், சில வரிகளுக்குள் மன்னித்தும் விடுகிறாள். சோபியாவோ அந்த நாட்குறிப்பின் காயத்தை ஆண்டுக்கணக்கில் தம் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணங்களையும் எதிரெதிரே வைத்த நாவல் என்று இதைச் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. மகிழ்ச்சியான வீட்டின் சுவருக்குள்ளேதான் ஆசிரியர் தம் வீட்டுச் சங்கடத்தை வைத்துப் பூசியிருக்கிறார்.

அந்த நாவலின் கையெழுத்துப் படிகளை எடுத்தெழுதிக் கொடுத்தவரும் சோபியாதான். கிற்றி அழும் பத்தி அவருடைய மேசைக்கு வந்த நாளை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. எங்கள் மாமியைப் போல் ஒருவர் அங்கே வந்து கேட்டிருந்தால், சோபியா ரயில் நிலையத்துப் பெண்ணைத்தான் சுட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று நானும், "சும்மா கற்பனைதான் மாமி" என்று சொல்லி, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.