குழப்பம் பாரத்தில்தான்
மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் தமிழர்கள் அரசாங்கப் பாரங்களில் (விண்ணப்பப் படிவங்களில்) 'இந்தியா' என்று எழுதுவது அடையாளக் குழப்பம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. மலாய் மொழியில் அந்த நாட்டுக்கும் நம் இனத்துக்கும் 'இந்தியா' என்ற ஒரே சொல்தான். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 'வர்கநெகாரா' என்ற கட்டம் குடியுரிமையைக் கேட்கிறது, அங்கே 'மலேசியா' என்றுதான் எழுத வேண்டும். 'பங்சா', 'கெதுருனான்' என்பவை இனத்தையும் வம்சாவளியையும் கேட்பவை. இந்தக் கட்டங்கள் ஒட்டியே இருப்பதால் வயதானவர்கள் குடியுரிமைக் கட்டத்திலேயே 'இந்தியா' என்று எழுதிவிடுகிறார்கள், முகப்பில் உள்ளவர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'தமிழாளுங்க' என்று தயங்காமல் சொல்வார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர், மலேசியாவில் பிறந்தாலே குடிமகன்தானே என்று எழுதியிருக்கிறார். இல்லை, பெற்றோரின் குடியுரிமை நிலையும் வேண்டும், அவர்கள் திருமணம் பதிவானதா என்பதும் முக்கியம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டால் சட்டப்படி அது திருமணம் ஆகாது. 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். பதியாத திருமணத்தில் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். தாய்க்குப் பத்திரமே இல்லையென்றால், தகப்பன் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வர்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று விழுந்துவிடுகிறது. அந்த இரண்டு சொற்கள்தான் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகி அடையாள அட்டை எடுக்கப் போகும்போது வழிமறிக்கின்றன. ஆகவே பிள்ளை பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதிந்துவிடுங்கள். பிறகு பதிந்தால் பழைய பத்திரம் தானாக மாறாது, தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.