தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே ஒரு சொந்தக்காரப் பெண். முப்பதுக்குள்தான் இருக்கும். பாயசம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா உடனே, "இவளுக்குத் தைராய்டுல்ல, அதான் இப்படி ஊதிட்டா. இனி என்ன செஞ்சாலும் இறங்காது" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் இலையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவள் நான். அங்கேயே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது மூன்று நாளாக உறுத்துகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013இல் வெளியான கணக்கில் பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களுக்குத்தான் அதிகம்.

முதலில் எடையைப் பற்றி. தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சாப்பிட்டதை எரிக்கிற வேகமும் குறையும். எடை ஏறும், உண்மைதான். ஆனால் தைராய்டால் மட்டும் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பங்கு நீர் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மிகக் கடுமையாக முற்றிப் போனவர்களுக்குக் கூடலாம். இருபது கிலோ ஏறியிருந்தால் அதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைச் சோம்பேறி என்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எந்தப் பகுதி மாத்திரையால் இறங்கும், எந்தப் பகுதி இறங்காது என்று பிரித்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரிவினை தெரியாததால் எத்தனையோ பெண்கள் மாத்திரையை ஆரம்பித்த மூன்றாவது மாதமே "எடை இறங்கல, இது வேலைக்காகாது" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு 35 வயதில் கண்டுபிடித்தார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். விருதுநகர் பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. பிள்ளைகள் வியர்த்து வழிகிறார்கள், நான் ஃபேனை நிறுத்தச் சொல்கிறேன். குரல் கரகரத்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்காமல் போனது. காலையில் எழுந்தால் முகம் உப்பி, மோதிரம் கழற்ற முடியாது. இரவில் இரண்டு கையும் மரத்துப் போய் எழுந்து உதறுவேன். மலச்சிக்கல். வாரத்துக்கு ஒரு தரம் சீப்பில் ஒரு கொத்து முடி. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்காது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு முறை போய்விட்டேன். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "என்ன டீச்சர், நல்லா வெயிட் போட்டுட்டீங்களே?"

ரத்த டெஸ்டில் டிஎஸ்எச் 38 வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. சுரப்பி சோம்பிக் கிடந்தால் மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி 'வேலை செய், வேலை செய்' என்று விரட்டுகிற சத்தம்தான் டிஎஸ்எச். சத்தம் கூடினால் சுரப்பி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வந்தது ஹஷிமோட்டோ வகை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் இதை எழுதிவைத்ததால் அந்தப் பெயர். நம் ஊரில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு 75. பிறகு 100. இரண்டு வருடம் ஓடியும் டிஎஸ்எச் 11க்குக் கீழே இறங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களாம்மா?" ஒரு நாள்கூட விட்டதில்லை. சொன்னால் நம்புகிற முகம் இல்லை. எழுந்து வரும்போது கண் கலங்கிவிடும்.

பிறகு தோழி ஒருத்தி சொல்லி வேறொரு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஐந்து மணிக்கு எழுவேன். டிகாஷன் இறக்குவேன். பால் பொங்கும்போதே மாத்திரையை வாயில் போட்டு, முதல் டம்ளர் காபியைக் குடிப்பேன். ரத்தம் 8.6தான் இருந்தது, அதற்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் மறந்துவிடக் கூடாதே என்று அதோடு சேர்த்தே விழுங்குவேன். ஏழே காலுக்குப் பஸ்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இரும்பு அந்த மாத்திரையைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கும்மா. காபி வேற. நீங்க போட்டது பாதி உடம்புக்குள்ளயே போகல."

அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. அதில் இருக்கிற மருந்து, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் 75 பங்கோ 100 பங்கோதான். அவ்வளவு சிறிய அளவில் கால்வாசி வீணானாலும் கணக்கே மாறிவிடும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அரை மணி நேரத்துக்காவது, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்கு, காபி, டீ, பால், சாப்பாடு எதுவும் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி. சோயாவும் உறிஞ்சுவதைக் குறைக்கும். இன்னொன்று, பாட்டிலை அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

என் கதையில் இருந்த வட்டத்தைப் பாருங்கள். தைராய்டு குறைவால் மாதவிலக்கு அதிகம். அதனால் ரத்தசோகை. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை. அந்த இரும்பு தைராய்டு மாத்திரையைத் தடுக்கிறது. தடுத்தால் திரும்பவும் மாதவிலக்கு அதிகம். இரண்டு வருடம் இதற்குள்ளேயே சுற்றினேன், அசதிக்கு ரத்தம் குறைந்தது காரணமா தைராய்டு காரணமா என்றே தெரியாமல். தைராய்டு சரியாகியும் அசதி போகவில்லை என்கிறவர்கள் ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் தைராய்டு தலையில் கட்டினால் மற்றது மறைந்தே கிடக்கும்.

இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினேன், காபியை ஒரு மணி நேரம் தள்ளினேன். அதே 100 மைக்ரோகிராம் மாத்திரை. ஆறாவது வாரம் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கிச் சாக்பீஸ் கோணலாகப் போனது. டெஸ்ட் எடுத்தால் டிஎஸ்எச் 0.1. வீணாகிக்கொண்டிருந்தது முழுசாக உள்ளே போக ஆரம்பித்ததும் 100 எனக்கு அதிகமாகிவிட்டது. 75க்கு இறக்கினார். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும். பத்தாவது நாளே லேபுக்கு ஓடிப் பிரயோஜனம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. எடை குறையட்டும் என்று தாங்களாகவே மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், மாதவிலக்கு நின்ற வயதில் அது இன்னும் ஆபத்து. உடல் பருமனுக்கோ எடைக் குறைப்புக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டியே அச்சடிக்கிறார்கள்.

எடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 74 இருந்தேன். டிஎஸ்எச் 2.8க்கு வந்து நின்றபோது 71. அந்த மூன்று கிலோ முகத்திலும் காலிலும் இருந்த நீர், மோதிரம் கழன்றது. அதற்குக் கீழே மாத்திரை ஒரு கிலோகூட இறக்கவில்லை. மீதியை நான்தான் இறக்கினேன், ஒன்றரை வருடம் பிடித்தது. இரவு பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று வழித்துச் சாப்பிடுவதை நிறுத்தினேன். மதியம் சோறு ஒரு கரண்டி, கூட்டு பொரியல் இரண்டு மடங்கு, தினம் ஒரு முட்டையோ சுண்டலோ. சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் பஜ்ஜியை வாரம் ஒரு நாளாக்கினேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். இப்போது 65. கல்யாணத்தின்போது இருந்த 54க்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை போய்விட்டது, நாற்பத்து நாலு வயதில் அதற்கு அவசியமும் இல்லை. கடைசி பெஞ்சுக்குக் குரல் கேட்கிறது. மாதவிலக்கு ஐந்து நாளில் நிற்கிறது. எனக்கு எடையை விட அது பெரிது.

யூடியூபில் வருகிற தைராய்டு வைத்தியங்கள் பற்றியும் கேட்கிறார்கள். மல்லித் தண்ணீர் குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், ஆனால் அழிந்து போன சுரப்பியை அது முளைக்க வைக்காது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். முட்டைக்கோஸ், காலிஃப்ளவரை வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை, வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். இந்துப்புக்கு மாறியவர்கள் அயோடின் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கல்லுப்பு வாங்கினாலும் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதற்காக அயோடின் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள், ஹஷிமோட்டோ இருந்தால் அது கெடுதலாகவும் முடியலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது லேப் முடிவையே பொய்யாக்கிவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்கள், நாள் தள்ளிப் போனது உறுதியானதுமே டாக்டரிடம் போங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மாதங்களில் அம்மாவின் தைராய்டு ஹார்மோனான தைராக்சின்தான் ஆதாரம், மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும். "கர்ப்பமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு" என்று நிறுத்தச் சொல்கிற பெரியவர்களை அன்போடு மறுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு ஆற்றாமை ஒன்றில்தான். காலையில் ஒரு மணி நேரம். இந்த நோய்க்குத் தேவை அவ்வளவுதான், அதுதான் நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. எழுந்ததும் அடுப்பு, எல்லாருக்கும் காபி, டிபன், டப்பா; தனக்கென்று ஒரு டம்ளர் காபி கிடைப்பதே அந்த முதல் பத்து நிமிடத்தில்தான், அதை விட்டால் பதினொரு மணி. அவளிடம் போய் "வெறும் வயித்துல போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடும்மா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் எப்படி நடக்கும்? எங்கள் வீட்டில் நான் கேட்டுத்தான் வாங்கினேன். இப்போது காலையில் டிகாஷன் இறக்குவதும் பால் காய்ச்சுவதும் என் வீட்டுக்காரர். ஆறு மணிக்கு எனக்கான டம்ளர் வரும். காலையில் வாய்ப்பே இல்லாதவர்கள் இரவில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. 2010இல் நெதர்லாந்தில் செய்த ஒரு ஆய்வில், படுக்கும்போது போட்டவர்களுக்கு ரத்தத்தில் தைராய்டு அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. தினம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

என் அம்மாவுக்கும் தைராய்டு, குடும்பத்தில் வருவதுதானே. 68 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே கையில், மறு கையில் வரக்காபி. பதினைந்து வருடமாக அப்படித்தானாம். அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு நான் போன் போடுகிறேன். இன்று காலையும் போட்டேன். "போட்டுட்டேன்டி. இன்னும் அடுப்பு பத்த வைக்கல. வாசல் தெளிச்சுட்டு வந்துதான் காபி" என்றார். அடுத்த மாதம் அம்மாவுக்கு டெஸ்ட். வந்ததும் சொல்கிறேன்.