முட்டிவலிக்காரர் தியானம் செய்யக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு தியான முகாமில் நடந்தது இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், வீடியோதான் சுற்றுகிறதே. முகாமை நடத்தியவர் பெயர் வேண்டாம்.

கேள்வி கேட்க எழுந்த அந்த அம்மா அப்படி என்ன கேட்டுவிட்டார்? முட்டி மடங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தியானம் செய்தால் பலிக்குமா என்றுதான். "போன ஜென்ம வினைம்மா, இந்த உடம்புக்கு இவ்வளவுதான்" என்று நடத்தியவரிடமிருந்து பதில் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மா கையிலிருந்த துண்டை இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வரிசையில் இருந்த எனக்கு அதற்குப் பிறகு எந்தத் தியானமும் ஓடவில்லை.

கேள்வி கேட்பது குற்றமில்லை ஐயா. அசையாமல், சுகமாக இருப்பதே ஆசனம் என்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. அந்தச் சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள உரை, பத்மாசனம் சொல்லும் அதே பட்டியலில் சாய்மானத்தோடு உட்காரும் 'சோபாஸ்ரய'த்தையும் சேர்த்திருக்கிறது. ஆக, "தாராளமா உட்காருங்கம்மா, முதுகு நிமிர்ந்திருந்தா போதும்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. இதற்கு மைக்கூடத் தேவையில்லை.

"சந்தேகம் யோகத்துக்குத் தடை என்று பதஞ்சலியே சொல்லியிருக்கிறாரே" என்று ஒரு தம்பி கமெண்டில் வருவார். வரட்டும். அவர் சொல்லும் ஒன்பது தடைகளில் சம்சயம், அதாவது சந்தேகம், மூன்றாவது, சரி. முதலாவது வியாதி. அப்போ நோயாளியைப் பார்த்தும் சிரிப்பீர்களா? ஓ, அதைத்தானே செய்தீர்கள்.

பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் பிப்பலாதரிடம் கேள்வியோடு போகிறார்கள். ஒரு வருஷம் தவமிருங்கள், அப்புறம் கேளுங்கள், எனக்குத் தெரிந்திருந்தால் எல்லாம் சொல்கிறேன் என்கிறார். தெரிந்திருந்தால்! ஒரு ரிஷி சொன்னது இது. காத்திருக்கச் சொன்னாரே என்பீர்கள். சொன்னார், கேலி செய்யவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்துத் திருவண்ணாமலையில் 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, வாய் திறந்து பேசாத ரமணர் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். 'நான் யார்?' என்கிற நூல் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. கேள்வி கேட்டது ரெவின்யூ துறையில் வேலை பார்த்த ஒரு மனுஷர், சாமியார்கூட இல்லை.

என் பெரியப்பா சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர், அமாவாசை தவறாமல் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போவார். கண்ணை மூடினால் மனசு கிரிக்கெட்டுக்குப் போகுதே என்று சின்ன வயசில் கேட்டேன். "போயிருச்சுன்னு தெரியுதில்ல, கூட்டிட்டு வாடா" என்றார், நாடாவை நிறுத்தாமலே. கீதை ஆறாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான் என்று பிற்பாடு படித்தேன். பெரியப்பா கீதை படித்தவரில்லை. ஆனால் அவர் முன்னால் எதையும் கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இலவச முகாமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறேனாம். பொங்கல் நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. சாமி விரோதி என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் வந்து என் பூஜை அலமாரியைப் பார்க்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வலிக்கிற காலோடு வந்த ஒரு பெரிய மனுஷியைப் பார்த்துச் சபையைச் சிரிக்க வைத்தவர் பக்தர், அதைத் தட்டிக் கேட்ட நான் விரோதி. நல்லா இருக்கு நியாயம்.

இதையே முகாமின் வாட்ஸ்அப் குழுவில் மரியாதையாகத்தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட்டார்கள். அப்புறம் ஒரு தாமரைப் பூ படம், 'ஓம் சாந்தி'.